நாமினேஷன் வந்த காலையில் கல்லாவில் எவ்வளவு?

வணக்கம் சார்,

ஆஸ்கர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததும் ஒரு வேலையில் இறங்கினேன். 1970லிருந்து சிறந்த படத்துக்கு நாமினேட் ஆன படங்களையும் அவற்றின் அமெரிக்க வசூலையும் ஒரு எக்செல் தாளில் போட்டு முடித்தேன். இரண்டு வாரம் ஆனது.

பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. 1972ல் காட்ஃபாதர், 1976ல் ராக்கி, 1979ல் கிராமர் வெர்சஸ் கிராமர். மூன்றும் அந்தந்த ஆண்டின் வசூலில் முதலிடம், விருதும் அவற்றுக்கே. அப்புறம் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. 2009ல் வெறும் 1.7 கோடி டாலர் வசூலித்த ஹர்ட் லாக்கர், அவதாரைத் தாண்டி விருது வாங்குகிறது. 2020ல் நோமேட்லேண்ட், 40 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 2024ல் அனோரா, 2 கோடி. ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி மக்களை விட்டு விலகிவிட்டது என்றுதானே இதற்கு அர்த்தம்? வசூலுக்கும் சில மதிப்பெண் ஒதுக்கினால் என்ன?

இன்னொன்று. நாமினேஷன் வந்தால் வசூல் ஏறும் என்கிறார்களே, அது உண்மையா? என் தாளில் அதற்கு ஆதாரமே தெரியவில்லை. ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் ஏழு நாமினேஷன் வாங்கியும் 2.8 கோடிதான். அந்த வரியைச் சிவப்பில் ‘தோல்வி’ என்று குறித்திருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாளை அனுப்பியதற்கு நன்றி. ஐம்பது வருஷப் பட்டியலைப் பொறுமையாகத் தொகுத்திருக்கிறீர்கள். எண்களில் பெரிய பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் தாளில் ஒரு நெடுவரிசை விட்டுப்போயிருக்கிறது. நாமினேஷன் அறிவித்த அன்று அந்தப் படம் எவ்வளவு வசூலித்திருந்தது, எத்தனை தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது என்ற நெடுவரிசை. அது இல்லாமல் நாமினேஷனால் வசூல் ஏறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்த வசூல் என்பது படத்தின் முழு ஆயுளுக்கான கணக்கு. ஆஸ்கர் அந்த ஆயுளின் எந்த மாதத்தில் வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மில்லியன் டாலர் பேபியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் 10 கோடி டாலர் என்று இருக்கிறது, சரிதான். படம் 2004 டிசம்பர் நடுவில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களில் மட்டும் வெளியானது. ஒரு மாதத்துக்கும் மேல் அப்படியே வைத்திருந்தார்கள். 2005 ஜனவரி 25ல் நாமினேஷன் வந்தபோது மொத்த வசூல் 1 கோடியைத் தொடவில்லை. மூன்று நாள் கழித்து அதே படம் இரண்டாயிரம் தியேட்டருக்குப் போனது. மீதி 9 கோடிக்கு மேல் அதற்குப் பிறகு வந்ததுதான். இந்தப் படத்தின் வசூலே நாமினேஷன்தான் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

ஸ்லம்டாக் மில்லியனரின் ஏற்றத்தை நான் வாரம் தவறாமல் பின்தொடர்ந்தவன். ரஹ்மான் இருந்ததால் வந்த ஆர்வம். 2009 ஜனவரி, பிப்ரவரியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வேலையாக அந்த எண்ணைத்தான் தேடுவேன். அதை விநியோகிக்க வேண்டிய வார்னர் இண்டிபெண்டென்ட் நிறுவனம் அந்த வருஷம் மூடப்பட்டுவிட்டது. தியேட்டருக்கே வராமல் நேராக டிவிடிக்குப் போயிருக்க வேண்டிய படம் அது. ஃபாக்ஸ் சர்ச்லைட் கை கொடுத்தது. 2008 நவம்பர் 12ல் பத்தே பத்து தியேட்டர். அடுத்து முப்பது, அடுத்து நூறு என்று மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஜனவரி 22ல் பத்து நாமினேஷன் வந்தபோது வசூல் ஏறக்குறைய 4.5 கோடி டாலர். அதே வார இறுதியில் தியேட்டர் எண்ணிக்கை 1,400ஐத் தாண்டியது. விருது கிடைத்த பிறகு 2,900க்கு மேல். கடைசியில் 14.1 கோடி. மூன்றில் இரண்டு பங்கு பணம் ஜனவரி 22க்கு அப்புறம் வந்தது. ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம்! நட்சத்திரம் கிடையாது, வசனத்தில் ஒரு பகுதி இந்தி. எட்டு வாரத்துக்கு மேல் தியேட்டரில் உயிரோடு வைத்திருக்க ஒருவருக்குப் பொறுமை இருந்தது, அதனால் நாமினேஷன் வந்து அதைத் தூக்கிவிட முடிந்தது.

இப்போது ஹர்ட் லாக்கரைப் பாருங்கள். அது 2009 ஜூன் கடைசியில், கோடை காலப் பெரிய படங்களுக்கு நடுவில் நான்கு தியேட்டரில் வெளியானது. உச்சகட்டமாகப் போனது ஐந்நூற்றுச் சொச்சம். 2010 பிப்ரவரி 2ல் நாமினேஷன் வரும்போது படம் தியேட்டரை விட்டுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. டிவிடி ஜனவரியிலேயே கடைக்கு வந்துவிட்டது. அதுவரைக்கும் வசூல் சுமார் 1.27 கோடி. விருது வாங்கிய பிறகு கடைசிக் கணக்கு 1.7 கோடி. உங்கள் தாளில் இது ‘மக்கள் ஒதுக்கிய படம்’ மாதிரித் தெரிகிறது. எனக்கு இது தேதி தவறிய படம். வீட்டில் போட்டுப் பார்க்க முடிகிற படத்துக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

நேர் எதிர்க் கோடியில் அமெரிக்கன் ஸ்னைப்பர் இருக்கிறது. 2014 கிறிஸ்துமஸ் அன்று நான்கு தியேட்டரில் வெளியிட்டு, விருதுக்கான தகுதியைச் சம்பாதித்து வைத்துக்கொண்டார்கள். நாமினேஷன் 2015 ஜனவரி 15, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் ரிலீஸ். முதல் மூன்று நாளில் 8.9 கோடி டாலர். கடைசியில் 35 கோடி. அந்த ஆண்டு அதோடு போட்டியிட்ட மற்ற ஏழு படங்களின் அமெரிக்க வசூலை ஒன்றாகக் கூட்டினாலும் இதைத் தொடாது. எல்லாம் நாமினேஷனால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். போர் வீரனின் கதை, கிளின்ட் ஈஸ்ட்வுட் என்று அதற்கென்றே தனிக் கூட்டம் இருந்தது. ஆனால் தேதியைக் குறித்தவர்கள் கணக்கோடுதான் குறித்தார்கள்.

வசூல் முடிந்த பிறகு ஆஸ்கர் வந்த படங்களும் உண்டு. சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ் 1991 பிப்ரவரி 14ல் வெளியானது, விருது வாங்கியது 1992 மார்ச்சில். 13 கோடி டாலர் வசூலித்து, வீடியோவுக்கும் போய்விட்ட படம். ஓப்பன்ஹைமரும் அப்படித்தான். 33 கோடி டாலரில் கிட்டத்தட்ட முழுவதும் நாமினேஷனுக்கு முன்பே வந்துவிட்டது. இந்தப் படங்களுக்கு ஆஸ்கர் கௌரவம், பணம் இல்லை. டைட்டானிக் தனி ரகம். 1997 டிசம்பரில் முதல் வார இறுதியில் 2.86 கோடி டாலர் வசூலோடு தொடங்கி, பதினைந்து வாரம் தொடர்ந்து முதலிடம். நாமினேஷன் வந்தபோதும் விருது வாங்கியபோதும் அமெரிக்காவின் நம்பர் ஒன் படம் அதுதான். அந்த இரவு அமெரிக்காவில் 5.5 கோடிப் பேர் விழாவை டிவியில் பார்த்தார்கள். அப்படி ஒரு சேர்க்கை அதற்குப் பிறகு அமையவில்லை.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அகாடமி மக்களை விட்டு விலகிவிட்டதா?

உங்கள் தாளிலேயே கிராமர் வெர்சஸ் கிராமர் வரியில் கொஞ்சம் நில்லுங்கள். 1979ன் நம்பர் ஒன் படம், 10.6 கோடி டாலர். என்ன கதை? மனைவி பிரிந்து போகிறாள். ஆபீஸ் தவிர வேறெதுவும் தெரியாத அப்பா, சின்னப் பையனைத் தனியாக வளர்க்கப் பழகுகிறான். முதல் நாள் காலையில் பையனுக்கு பிரெஞ்ச் டோஸ்ட் செய்ய முயல்வான். முட்டை ஓடு உள்ளே விழும், ரொட்டி சரியாக முங்காது, சட்டியில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு கத்துவான். படத்தின் கடைசியில் அதே சமையலறையில் அப்பாவும் பையனும் ஒரு வார்த்தை பேசாமல் அதே டோஸ்ட்டைச் செய்வார்கள். யார் என்ன எடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். சண்டை கிடையாது, விண்வெளி கிடையாது. அந்தப் படத்துக்கு அமெரிக்கர்கள் 4 கோடிக்கும் மேல் டிக்கெட் எடுத்தார்கள். அப்போது ஒரு டிக்கெட்டின் சராசரி விலை இரண்டரை டாலர்.

இது ஒன்று மட்டுமில்லை. 1981ல் வயதான தம்பதி ஏரிக்கரை வீட்டில் ஒரு கோடையைக் கழிக்கும் ஆன் கோல்டன் பாண்ட், அந்த ஆண்டு வசூலில் இரண்டாவது. 1983ல் டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட், தாயும் மகளும் கதை, அதுவும் இரண்டாவது. 1988ல் ரெயின் மேன் முதலிடம். அப்போது அகாடமியினர் தங்களுக்குப் பிடித்த மாதிரிப் படத்துக்கே வாக்களித்தார்கள். அந்த மாதிரிப் படத்துக்கு மக்கள் தியேட்டருக்கு வந்துகொண்டிருந்தார்கள், அதனால் இரண்டு பட்டியலும் ஒன்றாகத் தெரிந்தன. இன்றைக்கு ஒரு ஸ்டூடியோவிடம் போய் அப்பாவும் பையனும் டோஸ்ட் சுடுகிற கதையைச் சொன்னால், தியேட்டருக்கு வேண்டாம், ஸ்ட்ரீமிங்குக்கு எடுக்கலாம் என்பார்கள். அகாடமி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த ரகப் படம்தான் தியேட்டரை விட்டு வெளியே போய்விட்டது. எனக்கு வருத்தமும் இதில்தான், விருதில் இல்லை.

டிக்கெட் விலையைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 1977ல் ஸ்டார் வார்ஸ் நாமினேட் ஆகித் தோற்றது, ஆனி ஹால் 3.8 கோடி டாலரோடு ஜெயித்தது. ‘அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்’ என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அன்றைய சராசரி விலை 2.23 டாலர். வகுத்துப் பாருங்கள், சுமார் 1.7 கோடி டிக்கெட். 2009ல் விலை ஏழரை டாலர், ஹர்ட் லாக்கரின் 1.7 கோடி டாலர் என்பது ஏறத்தாழ 23 லட்சம் டிக்கெட். ஆனி ஹாலைச் சின்னப் படம் என்றே எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குச் சின்னப் படம் என்றால் அத்தனை கூட்டம்.

விருதுக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2005ன் ஐந்து நாமினேஷன் படங்களில் ஒன்றுகூட அமெரிக்காவில் 10 கோடியைத் தாண்டவில்லை. 2008ல் 53 கோடி டாலர் வசூலித்த டார்க் நைட் சிறந்த படப் பட்டியலுக்குள் வரவில்லை என்று பெரிய சத்தம் கிளம்பியது. அடுத்த ஆண்டே ஐந்து இடத்தைப் பத்தாக்கினார்கள். நீங்கள் அகாடமிக்கு எதிராக முதல் சாட்சியாக நிறுத்தும் அதே 2009 பட்டியலை முழுசாகப் பாருங்கள். அவதார், அப், தி பிளைண்ட் சைட், இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ், டிஸ்ட்ரிக்ட் 9 என்று பாதிப் படங்கள் 10 கோடியைத் தாண்டியவை. அதே பட்டியலில் 1 கோடியைத் தொடாத எ சீரியஸ் மேனும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பட்டியல்களில் அது ஒன்று. அகலமாகவும் இருந்தது, ஆழமாகவும் இருந்தது.

2018ல் இன்னும் ஒரு படி போய், ‘பிரபலமான படம்’ என்று தனி விருது கொடுக்கப்போவதாக ஆகஸ்டில் அறிவித்தார்கள். வந்த எதிர்ப்பில் செப்டம்பரிலேயே கைவிட்டார்கள். நல்லதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு பிளாக் பேந்தர், 70 கோடி டாலர் வசூலோடு நேராகச் சிறந்த படப் பட்டியலுக்குள்ளேயே வந்தது. தனிப் பந்தி போட்டிருந்தால் அதை அங்கே உட்காரவைத்திருப்பார்கள். வசூலுக்கு மதிப்பெண் என்ற உங்கள் யோசனையையும் இதே காரணத்துக்காக ஏற்க முடியவில்லை. ஜெயித்ததற்கான பரிசை டிக்கெட் வாங்கியவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அதையே இன்னொரு முறை எண்ணிக் கொடுப்பதற்கு வாக்கெடுப்பு எதற்கு?

நோமேட்லேண்ட் வரியைத் தயவுசெய்து தனியாக வையுங்கள். கொரோனாவில் தியேட்டர்கள் பாதி மூடிக்கிடந்த நேரத்தில், அதே நாளில் ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் தளத்திலும் வெளியான படம் அது. அடுத்த ஆண்டு ஜெயித்த கோடாவை ஆப்பிள் 2.5 கோடி டாலருக்கு வாங்கித் தன் ஸ்ட்ரீமிங்கில் போட்டது. இவற்றின் தியேட்டர் எண்ணை ராக்கியோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் படங்களுக்கும் இதே கதைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் நாமினேஷனுக்குச் சக்தி முழுசாகப் போய்விடவில்லை. பாரசைட் 2020 பிப்ரவரியில் ஜெயித்தபோது வீட்டிலேயே வாங்கிப் பார்க்கக் கிடைத்தது. ஹர்ட் லாக்கருக்கு நான் சொன்ன விதிப்படி யாரும் தியேட்டருக்கு வந்திருக்கக் கூடாது. ஆனால் விநியோகஸ்தர் நியான் துணிந்து தியேட்டர்களை இரண்டாயிரமாக்கினார்கள், அந்த ஒரு வார இறுதியில் 55 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. கொரியப் படம், சப்டைட்டில் படித்துப் பார்க்க வேண்டிய படம், மொத்தம் 5.3 கோடி. என் கணக்கு தப்பானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசியாக ஷாஷாங்க். அந்தச் சிவப்பை எடுத்துவிடுங்கள். 1994 இலையுதிர்காலத்தில் வெளியாகி, சுமார் 1.6 கோடி டாலரோடு தியேட்டரை விட்டுப் போன படம் அது. செலவு 2.5 கோடி. 1995 பிப்ரவரி 14ல் ஏழு நாமினேஷன் வந்ததால்தான் திரும்பத் தியேட்டருக்கு வந்தது, அந்தச் சுற்றில்தான் 2.8 கோடியானது. ஒரு விருதுகூட வாங்கவில்லை, அந்த இரவு ஃபாரஸ்ட் கம்புடையது. ஆனால் வீடியோ கடைக்கு வந்தபோது அட்டையில் ஏழு நாமினேஷன் என்று இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் வாடகைக்குப் போன வீடியோக்களின் முன்வரிசையில் அது நின்றது. உங்கள் தாளில் 1.6 என்று ஒரு கட்டம், 2.8 என்று ஒரு கட்டம் போட்டு, நடுவில் அந்தத் தேதியை எழுதுங்கள். மற்ற வரிகளையும் அதே மாதிரி நிரப்பி அனுப்பினால், இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்