வடசென்னைக்காரன் ராக் கேட்டால் அது பீட்டரா?

கேள்வி: "வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பிறந்துவிட்டு, கானாவை விட்டு ராக் கேட்பதெல்லாம் வெறும் பீட்டர்தானே? தமிழில் ராக் எடுபடுமா?"

கேட்டவர் பேசின் பிரிட்ஜைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் 'கானாவை விட்டு' என்று எழுதியிருக்க மாட்டார். நான் எதையும் விடவில்லை. சாவு வீட்டுக் கானாவைக் கேட்டபடி தூங்கிப்போன பிள்ளை நான். இசை படித்தவன் இல்லை, அதனால் ராகம் தாளம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பத்தாம் வகுப்பு லீவில் மூர் மார்க்கெட் பழைய கேசட் குவியலில் ஒன்றை எடுத்தேன். அட்டையில் தண்ணீருக்குள் ஒரு கைக்குழந்தை. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்டின் 'நெவர்மைண்ட்' ஆல்பம். 1991இல் வந்தது, அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனையே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது என்பதெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? படம் வேடிக்கையாக இருந்தது, இருபது ரூபாய் கொடுத்தேன். பாட்டில் ஒரு வரி புரியவில்லை. ஆனால் அடி புரிந்தது. பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் இழுக்கும் தொகையறா மாதிரி அடக்கி இழுத்து, அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரே போடு. இதைத்தானே எங்கள் தெருவில் டோலக்கும் சட்டியும் செய்யும்? நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பிறந்த அபர்டீன் மரம் அறுக்கும் ஊர், பணக்கார ஊர் இல்லை என்று பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள் ஆஸ்திரேலியா போகும்போது தன் எலெக்ட்ரிக் கிட்டாரை எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்தார். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கக் காசு ஏது? ஆடி மாதம் கூழ் ஊற்றி முடிந்த ராத்திரி, மைக் செட் அண்ணனைக் கெஞ்சி அவர் ஆம்ப்ளிஃபையரில் ஒயரைச் செருகி, வால்யூமை முழுசாகத் திருப்பினேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கர்ரென்று கத்தியது பாருங்கள், கேசட்டில் கேட்ட அதே கரகரப்பு! "டேய், யூனிட்டு பூடும்டா, எறக்குடா" என்று அண்ணன் ஓடி வந்தார். ஓரமாக பீடி பிடித்துக்கொண்டிருந்த சட்டி மேளக்காரர் ஒருவர், "இன்னொரு வாட்டி வாசி நைனா" என்று குச்சியை எடுத்தார். பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் யூனிட், அதாவது குழாய்க்குப் பின்னால் சத்தம் எழுப்பும் பாகம், போனது. முந்நூறு ரூபாய் தண்டம்.

தமிழில் எடுபடுமா என்று கேட்பவர்கள் முதலில் திருவனந்தபுரத்து அவியல் பேண்டைக் கேளுங்கள். 2008 ஆல்பம், முழுக்க மலையாளம். 'நட நட' பாட்டுக்கு யாராவது அர்த்தம் கேட்டா ஆடினார்கள்? சென்னையில் ஸ்க்ராட் மாதிரி நல்ல பேண்டுகள் ஆங்கிலத்தில் பாடினார்கள். வாசிப்பில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வரிகளில் என் தெரு இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோது அந்தத் தெரு இருந்தது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர். மேடையில் சட்டி ஒரு பக்கம், எலெக்ட்ரிக் கிட்டார் ஒரு பக்கம். அது கானாதான், ராக் இல்லை என்பீர்கள். இருக்கட்டும், நான் கேட்டது இரண்டையும்தான்.

பிறந்த இடத்தை வைத்துப் பீட்டர் என்று எடைபோட்டதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வேலைக்குச் சேர்ந்தபின் நல்ல கிட்டாரைத் தவணையில் வாங்கலாம் என்று கிரெடிட் கார்டுக்கு எழுதிப்போட்டேன். சம்பளச் சீட்டெல்லாம் சரி. வந்த பையன் பின்கோடைப் பார்த்துவிட்டு, "சார், வேற அட்ரஸ் ஏதாவது இருக்கா?" என்றான். அதே ஆபீஸில், அதே சம்பளத்தில், அடையாறில் இருந்தவனுக்கு ஒரு வாரத்தில் வந்தது. ராத்திரி கச்சேரி முடிந்தால் ஆட்டோவும் இப்படித்தான், வியாசர்பாடி என்றால் கியர் விழாது. இதைக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எடுபடுமா என்றால், எங்கள் தெருவில் எடுபட்டது. யூனிட்தான் தாங்கவில்லை.