இங்கிலாந்தில் தனியாக வாழும் வயதான அம்மாவால் பெரிய வீலி பின்னை (சில்லு வைத்த குப்பைத் தொட்டியை) இழுக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார், வீட்டுக் கதவடியிலிருந்து வீதி ஓரம் வரை இரண்டு பெரிய பின்களைக் கொண்டுபோய் வைக்கச் சிரமப்படுகிறார், இலகுவாக இழுக்க ஏதாவது முறை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முறை உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் 78 வயதில் ஒருவருக்குப் பின் இழுக்கப் பழக்குவதை விட, அவர் இழுக்கவே தேவையில்லாத ஏற்பாட்டைக் கவுன்சிலிடம், அதாவது குப்பை எடுக்கும் உள்ளூராட்சி நிர்வாகத்திடம், கேட்பதுதான் முதல் வேலை. என் அம்மாவும் இங்கே தனியாகத்தான் இருக்கிறார். ஐந்தடி உயரம், சலரோகம், ஒரு பக்கத் தோள்மூட்டு இறுகிப்போனது. அவருக்காக இதெல்லாம் பார்த்தபோது தெரிந்துகொண்டவற்றைத்தான் எழுதுகிறேன்.

அந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பாலான இடங்களில் 'அசிஸ்டட் கலெக்‌ஷன்' என்று பெயர். சில இடங்களில் 'அசிஸ்டட் லிஃப்ட்' என்பார்கள், ஸ்கொட்லாந்தில் 'புல் அவுட்' என்றும் கேட்டிருக்கிறேன். குப்பை லொறியில் வரும் ஆட்களே உங்கள் வளவுக்குள் வந்து, பேசிவைத்த இடத்திலிருந்து பின்னை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பொதுவாகக் கட்டணம் கிடையாது. வயது, நோய், உடற்குறைபாடு காரணமாகப் பின்னை நகர்த்த முடியாமல் இருக்க வேண்டும், அதே வீட்டில் அதைச் செய்யக்கூடிய வேறு ஆளும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. கிழமைக் கடைசியில் வந்து போகும் மகனோ மகளோ அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதே கூரையின் கீழ் வாழும் பதினெட்டு வயதுப் பேரன் வருவான், அவன் பத்து மணிவரை படுத்திருந்தாலும்.

கவுன்சில் இணையதளத்தில் 'பின்ஸ் அண்ட் ரீசைக்ளிங்' பகுதிக்குள் இதற்கான படிவம் இருக்கும். போனிலும் கேட்கலாம். சில கவுன்சில்கள் டொக்டரின் கடிதம் கேட்கும், பல கேட்காது. படிவத்தில் 'வயது போய்விட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள். ஊன்றுகோல் பிடிக்கிறாரா, மயக்கம் வருகிறதா, விழுந்த அனுபவம் உண்டா, வாசலில் எத்தனை படி, பாதை சரிவா, அதையெல்லாம் எழுதுங்கள். அம்மாவைப் பேசவிட்டால் "பெரிசா ஒண்டுமில்லை, சமாளிக்கிறன்" என்பார். அந்த வசனம் காதில் விழுந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. கூட இருந்து நீங்களே கதையுங்கள்.

உண்மையில் கஷ்டமான பகுதி படிவம் இல்லை, அம்மாவைச் சம்மதிக்க வைப்பது. என் அம்மா முதலில் சொன்னது, "வெள்ளைக்காரப் பெடியன் வந்து என்ர குப்பையை இழுக்கிறதோ? அயல் சனம் என்ன நினைக்கும்?" பிறகு மெல்ல மெல்ல மற்றப் பயம் வெளியே வந்தது. தன்னால் தனியாக இருக்க முடியாது என்று கவுன்சில் எழுதிவைத்துக்கொண்டு, நாளைக்கு முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்லுமோ என்று. இந்தப் பயம் நம் ஆட்களில் பலருக்கு இருக்கிறது, வெளியே சொல்லமாட்டார்கள். இது கவுன்சிலின் குப்பைப் பகுதியிடம் போகும் ஒரு சின்ன வேண்டுகோள். பராமரிப்புத் தேவையைக் கணக்கெடுப்பது வேறு பகுதி, வேறு நடைமுறை. முதியோர் இல்லத்துக்கு யாரையும் அனுப்ப இது ஒரு காரணமாகாது.

அம்மாவின் மனதை மாற்றியது ஒரு பழைய கதை. வீலி பின் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பரவியது 1980களுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு பல ஊர்களில் குப்பைக்காரர்கள் வீட்டின் பின்பக்க வளவு வரை வந்து, தகர வாளியைத் தோளில் தூக்கிப்போய் லொறியில் கொட்டி, வெறும் வாளியைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அது அவர்களின் முதுகை முறிக்கும் வேலை, சந்தேகமில்லை. சில்லு வைத்த வீலி பின்னும், அதைத் தானாகத் தூக்கிக் கொட்டும் லொறியும் வந்தபோது அவர்களின் முதுகு தப்பியது, லொறிக்கு வேண்டிய ஆட்களும் குறைந்தார்கள். கூடவே, கதவடியிலிருந்து வீதிவரையான அந்தத் துண்டு வேலை சத்தமில்லாமல் வீட்டுக்காரரின் தலையில் ஏறிவிட்டது. நாற்பது வயதுக்காரருக்கு அது வேலையே இல்லை. எண்பது வயதுக்காரருக்கு அது கிழமை முழுக்க மனதை அரிக்கும் வேலை. ஆகவே அசிஸ்டட் கலெக்‌ஷன் தருமம் இல்லை, முந்தி எல்லா வீட்டுக்கும் செய்ததை இப்போது சில வீட்டுக்கு மட்டும் செய்கிறார்கள். "கவுன்சில் டாக்ஸ் கட்டுறீங்கள்தானே அம்மா" என்றதும் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

சட்டப்படி பார்த்தால், எந்த வகைப் பின், எத்தனை பின், எங்கே வைப்பது என்று சொல்ல 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. அதனால் "எனக்கு இந்தப் பின் வேண்டாம்" என்று சும்மா மறுக்க முடியாது. ஆனால் உடற்குறைபாடு உள்ளவருக்கு நியாயமான மாற்று ஏற்பாடு செய்ய வேண்டிய கடமை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அதே கவுன்சிலுக்கு இருக்கிறது. மறுத்துக் கடிதம் வந்தால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பதில் எழுதுங்கள்.

அடுத்தது பின்னின் அளவு. வழக்கமான பெரிய பின் 240 லீற்றர். உயரம் ஏறக்குறைய 107 சென்ரிமீற்றர், அகலம் 58, ஆழம் 74. வெறும் பின்னே சுமார் 13 கிலோ இருக்கும். அந்த அளவுக்கு ஈஎன் 840 என்ற ஐரோப்பியத் தரம் அனுமதிக்கும் சுமை 96 கிலோ. ஒருவர் வாழும் வீட்டில் அந்தளவு சேராதுதான், ஆனால் ஈரப் புல்லையோ பழைய புத்தகங்களையோ போட்டால் எவ்வளவுக்குப் போகலாம் என்று இதிலிருந்து விளங்கும். தனியாக இருப்பவருக்கு 240 லீற்றர் தேவையே இல்லை. 140 லீற்றருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சில கவுன்சில்கள் சும்மா மாற்றும், சில கொண்டுவந்து தருவதற்குக் காசு கேட்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. 140 லீற்றர் பின் அகலமும் ஆழமும் குறைந்தது, ஆனால் உயரம் கிட்டத்தட்ட அதேதான். மூடியைத் தூக்கிப் பையை உள்ளே விட எட்டவில்லை என்பதுதான் அம்மாவின் பிரச்சினை என்றால் அது தீராது. 120 லீற்றர்தான் 95 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கும். கேட்கும்போதே உயரத்தைக் கேளுங்கள். படிக்கட்டு வீடுகளுக்கும் பின் வைக்க இடமில்லாத வீடுகளுக்கும் பின்னுக்குப் பதில் பை தரும் கவுன்சில்களும் உண்டு.

குப்பை எடுக்கும் இடைவெளியும் பாரத்தோடு சம்பந்தப்பட்டது. கிழமைக்கு ஒருமுறை என்பது பல இடங்களில் இரண்டு கிழமையாகி, 2014இல் பரி கவுன்சில் மூன்று கிழமைக்குப் போனது. வேல்ஸில் கொன்வி 2018இல் நான்கு கிழமைக்குப் போனது. இடைவெளி கூடக் கூட, வீதிக்கு இழுக்கும் நாளில் பின்னின் பாரமும் கூடும். இளம் ஆட்கள் இதை நாற்றப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறார்கள்.

ஆகவே உள்ளே போகும் பாரத்தைக் குறையுங்கள். நம் வீட்டுக் குப்பையில் பாரம் எது என்று பாருங்கள்: மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, மீன் கழிவு, தேயிலைச் சக்கை. எல்லாம் ஈரம். இவற்றைச் சாப்பாட்டுக் கழிவுக்கான சின்ன வாளியில் போட்டால் பெரிய பின் பஞ்சாகிவிடும். சமையலறையில் வைக்கும் வாளி பொதுவாக 5 லீற்றர், வெளியே வைப்பது 23 லீற்றர். இங்கிலாந்தில் வீடுகளிலிருந்து சாப்பாட்டுக் கழிவைக் கிழமைக்கு ஒருமுறை தனியாக எடுக்க வேண்டும் என்று 2026 மார்ச் 31 கெடுவாக வைத்தார்கள். வெளி வாளியை நிரப்பாமல் பாதியோடு வைத்தால் ஒரு கையால் தூக்கலாம், நிரப்பினால் அதுவும் வில்லங்கம்தான். நரி திறக்காமல் இருக்கக் கைப்பிடியை முன்பக்கம் சாய்த்துப் பூட்டச் சொல்லிக் கொடுங்கள்.

தோட்டக் கழிவுப் பின்னைப் பொறுத்தவரை என் கருத்து, நிறுத்திவிடுங்கள். பல கவுன்சில்கள் அதற்கு வருடக் காசும் வாங்குகின்றன. புல்லு வெட்ட வருபவரிடமே கழிவையும் கொண்டுபோகச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது.

சரி, நீங்கள் கேட்ட முறை. ஏற்பாடு கைகூடும் வரைக்கும், அல்லது அம்மா எப்படியும் தானே செய்வேன் என்று அடம்பிடித்தால், இதைக் காட்டிக் கொடுங்கள். உள்ளே போடும்போது பாரமான பை சில்லுப் பக்கம், அதாவது கைபிடிப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் சாய்க்க இலகு. சாய்க்கும்போது ஒரு காலைச் சில்லுகளுக்கு நடுவே உள்ள அச்சில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் சாய்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் பாரம் சில்லில் நிற்கும், கையில் தெரியாது. அதற்கும் கீழே சாய்த்தால் பாரம் முழுக்கக் கைக்கு வந்துவிடும். சமதரையில் முன்னால் தள்ளிக்கொண்டு போகட்டும். ஒரு கையால் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பது தோளைத் திருகும். பின்பக்கமாக நடந்து இழுப்பது வயதானவர்கள் விழுவதற்கு நல்ல வழி. நடைபாதை விளிம்பில் தூக்கி இறக்காமல், கார் ஏறுவதற்காகத் தாழ்த்தி வைத்த இடத்தால் போகட்டும். சரளைக்கல் பாதை, சரிவுப் பாதை, ஊன்றுகோல், நடைவண்டி இவற்றில் ஒன்று இருந்தாலும் முறை, கிறை ஒன்றும் வேண்டாம், தொடவே கூடாது.

காலையில் அரக்கப்பரக்க வேண்டாம். பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்குப் படுக்கையால் எழும்பியவுடன் தலை சுற்றலாம், விடிய ஆறு, ஏழு மணிக்குள் வைக்க வேண்டும் என்பதற்காக உறைபனியில் செருப்போடு இறங்குவதைப் போல ஆபத்து வேறில்லை. முதல் நாள் பின்னேரமே வைக்கப் பல கவுன்சில்கள் விடுகின்றன. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சில்லு உடைந்திருந்தால் உடனே அறிவியுங்கள். முடக்குச் சில்லோடு இழுத்துப் பழகிவிட்டு "எனக்குத்தான் பலமில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பின் கழுவுவதை மறந்துவிடாதீர்கள். நம் அம்மாமார் விடமாட்டார்கள், தலையை உள்ளே விட்டு விளக்குமாறால் தேய்ப்பார்கள். கொட்டிய அன்றே வான் வண்டியில் வந்து காசுக்குக் கழுவித் தருபவர்கள் பல ஊர்களில் உண்டு. அல்லது நீங்கள் போகும் நாளில் பின்னைப் படுக்கப் போட்டுக் கழுவுங்கள்.

அம்மாவுக்கு இன்சுலின் ஊசி இருந்தால் அது எந்தப் பின்னுக்குள்ளும் போகக் கூடாது. அதற்கான மஞ்சள் பெட்டியை ஜிபி (குடும்ப டொக்டர்) எழுதித் தருவார், நிரம்பியதும் எடுத்துப்போகும்படி கவுன்சிலிடம் கேட்கலாம். பெரியவர்களுக்கான பாம்பர்ஸ் பாவிப்பவர்களுக்குத் தனியாக எடுப்பதோ கூடுதல் பின் தருவதோ பல இடங்களில் உண்டு. கேட்க வெட்கப்பட்டு, அதையெல்லாம் இரண்டு கிழமை கட்டிவைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

அசிஸ்டட் கலெக்‌ஷன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்றில்லை. புது ஆட்கள் லொறியில் வரும் கிழமை உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். கொட்டிய பின்னை வாசலுக்கு நேரே விட்டுவிட்டுப் போவார்கள், அதைத் தாண்டி அம்மா கதவுக்கு வர முடியாது. இரண்டும் எங்களுக்கு நடந்தன. வெளிக்கதவு பூட்டியிருந்தால், நாய் அவிழ்த்து விட்டிருந்தால் உள்ளே வரமாட்டார்கள், ஆகவே பின் நிற்கும் இடம் வெளியிலிருந்து தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஒவ்வொரு தவறலையும் இணையத்தில் பதிந்து, அந்த இலக்கத்தை எழுதிவையுங்கள். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. திரும்பத் திரும்ப நடந்தால் 'கம்ப்ளெயின்ட்' என்ற பெயரிலேயே முறைப்பாடு கொடுங்கள். தவறலை அறிவிப்பது முறைப்பாட்டுக் கணக்கில் சேராது. கவுன்சிலின் படிகள் முடிந்தும் தீராவிட்டால் இங்கிலாந்தில் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசில்லை. அசிஸ்டட் கலெக்‌ஷன் தவறியது பற்றிய முறைப்பாடுகளை விசாரித்து, கவுன்சில் மன்னிப்புக் கேட்கவும் சிறு தொகை கொடுக்கவும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்து தருகிறார் என்றால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அவர் விடுமுறைக்குப் போகும் கிழமையில்தான் அம்மா தனியாக இழுக்கப் போவார்.

விண்ணப்பிக்கும்போது தொடர்புக்கு உங்கள் போன் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுங்கள். இன்னும் இந்த உதவி தேவையா என்று சில கவுன்சில்கள் இடைக்கிடை கடிதம் போட்டுக் கேட்கும், பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். ஆங்கிலத்தில் வரும் அந்தக் கடிதம் பீட்சாக் கடை விளம்பரங்களோடு சேர்ந்து நேரே கடதாசிப் பின்னுக்குள் போய்விடும்.