மியூராவா, டேட்டோனாவா?

அன்புள்ள ஐயா,

பழைய இத்தாலிய கார்களைப் பற்றி எழுதியபோது லம்போர்கினி மியூராவை அவ்வளவு புகழ்ந்துவிட்டு ஃபெராரி டேட்டோனாவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்து வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) கார்கள், குதிரைத்திறனிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஏலத்தில் மியூராதான் எங்கோ போகிறது. சேகரிப்பவர் எதை வாங்கலாம்? டேட்டோனாவில் என்ன குறை?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஒரு வரியில் கடந்தது தவறுதான். ஓட்டுவதற்கென்று வாங்குபவருக்கு நான் டேட்டோனாவைத்தான் சொல்வேன்.

மியூராவுக்குக் கொடுக்கும் பணம் அது ஓடும் அழகுக்காக அல்ல. 1965இல் டூரின் கண்காட்சியில் உடல்கூடு இல்லாமல் வெறும் சேஸியை (அடிச்சட்டத்தை) கொண்டுவந்து வைத்தார்கள், இருக்கைகளுக்குப் பின்னால் 3.9 லிட்டர் வி12 எஞ்சின் குறுக்குவாக்கில் கிடந்தது. அதைச் செய்த லம்போர்கினி பொறியாளர்கள் தல்லாராவுக்கும் ஸ்டான்சானிக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த மார்ச்சில் வடிவமைப்பாளர் காந்தீனி வரைந்த உடலோடு அது ஜெனீவா கண்காட்சியில் நின்றபோது மற்ற எல்லா கார்களும் ஒரே நாளில் பழசாகிவிட்டன, அந்தக் கணத்துக்குத்தான் இன்றும் விலை. வண்டியாகப் பார்த்தால் சிக்கல் நிறைய. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் கியரில் தேயும் இரும்புத்தூள் எஞ்சினுக்குள் போகும். பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருக்கிறது, அது காலியாகக் காலியாக வேகத்தில் மூக்கு தூக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்து எரிந்த மியூராக்கள் உண்டு. 1971இல் வந்த எஸ்வி என்ற மேம்பட்ட மியூராவில் பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றினார்கள், அதிலும் கடைசியாக வந்தவற்றில்தான் ஆயிலைப் பிரித்தார்கள். எஸ்வியே மொத்தம் 150 போலத்தான். அதனால் மியூராதான் வேண்டும் என்றால் பிந்தைய எஸ்வி, கையில் பணமிருந்தால்.

டேட்டோனா 1968இல் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. பினின்ஃபரீனா என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் ஃபியோரவந்தி வரைந்தார். 4.4 லிட்டர் எஞ்சின் முன்னால், எடை சமமாக இருக்க கியர்பாக்ஸ் பின்னால், 352 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டர். ஊருக்குள் ஸ்டியரிங்கைத் திருப்ப நல்ல தோள்பலம் வேண்டும், நெடுஞ்சாலை ஏறிவிட்டால் அந்தக் கனம் தெரியாது. லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1972 முதல் 1974 வரை மூன்று வருடமும் தன் பிரிவில் ஜெயித்த வண்டி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டேட்டோனாவில் கூரையில்லாத ஸ்பைடர் 122தான், கூரையுள்ள கூப்பே ஆயிரத்து இருநூறுக்கு மேல். ஸ்பைடருக்கு விலை அதிகம் என்பதால் பிற்காலத்தில் பல கூப்பேக்களின் கூரையை அறுத்து ஸ்பைடராக்கிவிட்டார்கள், எனக்கு அதை நினைத்தாலே வயிறு எரிகிறது. சேஸி எண்ணைப் பார்க்காமல், தொழிற்சாலையின் சான்றிதழ் இல்லாமல் ஒரு ஸ்பைடருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். கைபடாத வண்டிக்கு என்ன மதிப்பு என்பதற்கு 2017 ஏலத்தைப் பாருங்கள்: சாலையில் ஓடுவதற்கென்று அலுமினிய உடலோடு செய்த ஒரே டேட்டோனா, ஜப்பானில் ஒரு கொட்டகையில் பல்லாண்டுகள் கிடந்தது, அந்தத் தூசியைக்கூடத் துடைக்காமல் ஃபெராரியின் ஊரான மரனெல்லோவில் ஏலத்தில் வைத்தார்கள், 18 லட்சம் யூரோவுக்குப் போனது.