மரப்பொந்துக் கொசுவுக்கு ஏன் இரண்டு பெயர்கள்?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோவில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓக் மரப்பொந்தில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. இங்கு மரப்பொந்தில் வளரும் கொசுவை ஒரு கையேடு ‘ஏடிஸ் ட்ரைசீரியேட்டஸ்’ என்கிறது. இன்னொன்று ‘ஓக்லெரோடேட்டஸ் ட்ரைசீரியேட்டஸ்’ என்கிறது. இவை வெவ்வேறு கொசுக்களா? பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டா?

பதில்: இரண்டும் ஒரே கொசுதான். 1823இல் அமெரிக்க இயற்கையியலாளர் தாமஸ் சே இதை முதன்முதலில் விவரித்தார். பின்னர் நெடுங்காலம் ஏடிஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு; பெயரின் முதல் சொல் அதுதான்) இருந்தது. 2000இல் கொசு ஆய்வாளர் ஜான் ரெய்னர்ட், பிறப்புறுப்புகளின் அமைப்பை வைத்து ஏடிஸைப் பிரித்து, ஓக்லெரோடேட்டஸைத் தனிப் பேரினமாக்கினார்; இந்தக் கொசுவும் அதில் சேர்ந்தது. நோய்த்தடுப்புப் பணியில் இருந்த பலருக்கு அது பெரும் தலைவலியானது. 2015இல் வில்கர்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பழையபடி ஏடிஸ் பெயரையே பரிந்துரைத்தார்கள். அதுவே சரி என்பது என் கருத்து. இடைப்பட்ட ஆண்டுகளின் தகவல்களும் தேவை என்பதால், இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

வளர்ந்த கொசுவை லென்ஸில் பாருங்கள். மார்பின் நடுவில் அகன்ற கரும்பழுப்புப் பட்டை, இருபுறமும் வெள்ளிச் செதில்கள். கால்களில் வெள்ளை வளையம் இருக்காது. இருந்தால் ஆசியப் புலிக்கொசுவாக இருக்கலாம். ஏடிஸ் ஹெண்டர்சோனி என்ற நெருங்கிய உறவினமும் உண்டு. அது பெரும்பாலும் மரத்தின் உயரமான பொந்துகளில் முட்டையிடும். லா கிராஸ் என்ற வைரஸைப் பரப்பும் திறனும் அதற்குக் குறைவு. ஆனால் இரண்டையும் பிரித்தறிவது ஆய்வகத்தின் வேலை. நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஏனென்றால், அந்த வைரஸால் வரும் லா கிராஸ் மூளைக்காய்ச்சலை முக்கியமாகப் பரப்புவது ட்ரைசீரியேட்டஸ்தான். கடுமையான பாதிப்பு அரிது. வந்தால் பெரும்பாலும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வருகிறது. தடுப்பூசி இல்லை. தாய்க்கொசுவிடமிருந்து வைரஸ் முட்டைக்கும் கடந்து குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறது. அதனால் பொந்தை மண்ணாலோ, இறுகும் நுரையாலோ இப்போதே அடைத்துவிடுங்கள். பழைய டயர்களை அப்புறப்படுத்துங்கள். வாளி, தொட்டிகளில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவுங்கள்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். மரநிழலில் விளையாடும் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் வயதுக்கேற்ற கொசுவிரட்டியும் அவசியம். காய்ச்சலுடன் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, குழப்பம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கொசு கடித்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.