மைக்கும் மேடையும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் டல்லாஸில் நீண்ட காலமாக வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டு வருகிறேன். குடும்பம், சாமி, உழைத்துச் சேர்த்த காசில் அரசாங்கம் அதிகம் கை வைக்காமல் இருப்பது. எனக்கு இந்த மூன்றும்தான் காரணம்.

சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று என் மகன் அழுதான். கிர்க் தொடங்கிய டர்னிங் பாயின்ட் என்ற வலதுசாரி மாணவர் அமைப்பின் கல்லூரிக் கிளையில் அவன் இருக்கிறான். டிசம்பரில் ஃபீனிக்ஸில் நடந்த அவர்களுடைய மாநாட்டை இருவரும் யூடியூபில் பார்த்தோம். தலைவர் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித் தாக்கிக்கொண்டார்கள். இருவரும் பிரபல வலதுசாரிப் பேச்சாளர்கள்தான், ஆனால் பென் ஷபிரோ ஒன்று சொல்கிறார், டக்கர் கார்ல்சன் வேறொன்று சொல்கிறார். எதிர்த்தரப்பு வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. இந்த நேரத்தில் இத்தனை விவாதம் தேவையா? ஒற்றுமைதானே முதலில் வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமீபத்தில் கிளைக் கூட்டத்தில் ஒரு பையன் என் மகனிடம், “நீ ஏன் இங்கே இருக்கிறாய்? உன் ஆட்கள்தானே எங்கள் வேலைகளை எடுத்துக்கொள்கிறார்கள்” என்று கேட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டேதான் கேட்டானாம். மற்ற யாரும் கண்டுகொள்ளவில்லையாம். விலகிவிடட்டுமா என்று மகன் என்னைக் கேட்கிறான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது கடைசிப் பத்திதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

கிர்க்கின் பல கருத்துகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 1964-இன் சிவில் உரிமைச் சட்டமே தவறு என்று பேசியவர் அவர். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புகூட, இந்தியர்களுக்கு இனி விசா வேண்டாம், இங்கே இடம் நிறைந்துவிட்டது என்று எழுதினார். ஆனால் 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டாவில், ஓரெம் நகரத்துக் கல்லூரி வளாகத்தில், மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த 31 வயது மனிதரைச் சுட்டுக் கொன்றது கொடுமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்கள் மகனின் அழுகை எனக்குப் புரிகிறது.

இனி உங்கள் கேள்வி. விவாதம் அதிகமாகிவிட்டது, ஒற்றுமை குறைந்துவிட்டது என்கிறீர்கள். ஃபீனிக்ஸில் விவாதம் என்ற ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

கிர்க்கின் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கூடாரம், நான் சொல்வது தவறென்று நிரூபி என்ற அறைகூவல், எதிரே நீளும் வரிசை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் முன்னால் வாருங்கள் என்பார். கருக்கலைப்பு, துப்பாக்கி, பாலினம், இஸ்ரேல் என எதைப் பற்றியும் கேட்கலாம். பதில்கள் சில நேரம் கூர்மையாக இருக்கும், சில நேரம் குதர்க்கமாக இருக்கும். எப்படியிருந்தாலும் மைக் எல்லோருக்கும் கிடைக்கும்.

மேடை விஷயத்தில் அவர் வேறு மாதிரி. 2019 இலையுதிர் காலத்தில் நிக் ஃபுவென்டெஸின் ஆட்கள் கிர்க்கின் கூட்டங்களுக்குள் திட்டமிட்டுப் புகுந்து, அவரை மடக்கும் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளினார்கள். ஃபுவென்டெஸ் யூத வெறுப்பையும் வெள்ளை இன மேலாண்மையையும் வெளிப்படையாகப் பேசுபவர், ஹிட்லரைப் புகழ்பவர். அவருடைய ஆட்களின் கேள்விகளை கிர்க் எதிர்கொண்டார். ஆனால் ஃபுவென்டெஸைத் தன் மேடையில் கடைசிவரை ஏற்றவில்லை. அந்த ஆள் வருடக்கணக்காகக் கேலி செய்தும் ஏற்றவில்லை.

கேள்வி கேட்க யாரும் வரலாம். நம் மேடையில் யார் உட்காரலாம் என்பதை நாம்தான் முடிவு செய்வோம். கிர்க் பிடித்துவைத்திருந்த கோடு இதுதான். அவருக்குப் பிறகு பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே.

2025 ஜூலையில் டாம்பாவில் நடந்த மாணவர் மாநாட்டையும் பாருங்கள். அப்போதே இஸ்ரேல் விஷயத்தில் இயக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. கிர்க் என்ன செய்தார்? இஸ்ரேலை விமர்சிக்கும் டேவ் ஸ்மித்தையும் ஆதரிக்கும் ஜோஷ் ஹேமரையும் ஒரே மேடையில் எதிரெதிரே உட்காரவைத்தார், தானே நடுவராக இருந்தார். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர் அதற்கே பதில் சொல்லியாக வேண்டும். ஃபீனிக்ஸில் ஷபிரோ தனியாக வந்து கார்ல்சனையும் இன்னொரு வலதுசாரிப் பேச்சாளரான கேண்டஸ் ஓவன்ஸையும் சாடிவிட்டுப் போனார். அதே இரவு கார்ல்சன் தனியாக வந்து, கிர்க்கின் நிகழ்ச்சியிலேயே ஆட்களை விலக்கச் சொல்கிறார்களே என்று சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் வந்து ஷபிரோவைப் புற்றுநோய் என்றார். நேருக்கு நேர் யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. இத்தனை பேரையும் அழைத்த எரிக்கா கிர்க்கை நான் குறை சொல்ல மாட்டேன். கணவரை இழந்து பதினோராம் நாள், கிளெண்டேல் மைதானத்தில், கொன்றவரை மன்னிக்கிறேன் என்று சொன்ன பெண் அவர். அமைப்பின் மொத்தப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கு நடுவே உட்கார ஆள் இல்லாமல் போனது ஒரு பெரிய வெற்றிடம்.

சண்டை எங்கே தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். அக்டோபர் கடைசியில் கார்ல்சன் ஃபுவென்டெஸைத் தன் நிகழ்ச்சிக்கு அழைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கடினமான கேள்வி என்று அநேகமாக ஒன்றும் இல்லை. பிரச்சினை அங்கேதான். ஃபுவென்டெஸை எதிரே உட்காரவைத்து உரித்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். உடனே ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் தலைவர் கெவின் ராபர்ட்ஸ் ஒரு வீடியோ போட்டார். ஃபுவென்டெஸ் சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆனால் கார்ல்சனைக் கைவிட மாட்டோம், கண்டிப்பவர்கள் விஷக் கூட்டம் என்றார். 1973-இல் தொடங்கி ரீகன் காலத்திலிருந்து வலதுசாரிகளுக்குக் கொள்கை எழுதிக் கொடுத்த நிறுவனம் அது. அந்த வீடியோவில் எதிரியாகக் காட்டப்பட்டது ஃபுவென்டெஸ் இல்லை, அவரைக் கண்டித்தவர்கள்! அந்தச் சொல்லுக்காக ராபர்ட்ஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பிரின்ஸ்டன் பேராசிரியர் ராபர்ட் ஜார்ஜ் அறங்காவலர் குழுவிலிருந்து விலகினார். டிசம்பரில் ஊழியர்கள் பலர் முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸின் அமைப்புக்குப் போய்விட்டார்கள். ஒற்றுமைக்காகச் சொன்ன பேச்சு உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பியது.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1953-இல் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் இறந்தபோதும் அமெரிக்க வலதுசாரிகள் தலைவர் இல்லாமல்தான் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து வில்லியம் பக்லி என்ற இளைஞர் நேஷனல் ரிவ்யூ பத்திரிகையைத் தொடங்கி, சுதந்திரச் சந்தை ஆட்கள், மதப்பற்றாளர்கள், கம்யூனிச எதிர்ப்பாளர்கள் எல்லோரையும் ஒரே பக்கங்களில் எழுதவைத்தார். அவர்கள் அந்தப் பத்திரிகைக்குள்ளேயே ஓயாமல் சண்டை போட்டார்கள். பத்திரிகை வளர்ந்ததே அந்தச் சண்டையில்தான்.

பிறகு 1958-இல் ராபர்ட் வெல்ச் என்ற மிட்டாய்க் கம்பெனிக்காரர் ஜான் பர்ச் சொசைட்டியைத் தொடங்கினார். அன்றைய அதிபர் ஐசனோவர் அறிந்தே கம்யூனிஸ்ட் சதிக்கு வேலை செய்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய தளபதியைப் பற்றி! ஆனால் வெல்ச்சின் அமைப்பில் ஊர்தோறும் உறுப்பினர்கள் இருந்தார்கள். நிதி கொடுத்தார்கள், தெருவில் இறங்கி வேலை செய்தார்கள். 1962 ஜனவரியில் பாம் பீச்சில் ஒரு ஹோட்டலில் பக்லியும் அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டரும் இன்னும் சிலரும் கூடிப் பேசினார்கள். ஃபீனிக்ஸில் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்த அமைப்பில்தான் இருக்கிறார்கள் என்பது கோல்ட்வாட்டரின் கவலை. ஆம், அதே ஃபீனிக்ஸ். தேர்தலில் நிற்கப்போகிறவரின் நியாயமான பயம் அது.

அடுத்த மாதமே பக்லி வெல்ச்சைக் கண்டித்து நீண்ட கட்டுரை எழுதினார். உறுப்பினர்களை விட்டுவிட்டு வெல்ச்சை மட்டும் குறிவைத்தார். கோபமான கடிதங்கள் குவிந்தன, சந்தாக்கள் ரத்தாயின, நிதி கொடுத்தவர்கள் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். 1965-இல் மொத்த அமைப்பையும் விலக்கி எழுதினார். அதற்கு நடுவே, 1964 அதிபர் தேர்தலில், கோல்ட்வாட்டர் ஆறே மாநிலங்களில் வென்று படுதோல்வி அடைந்திருந்தார். அந்த இயக்கத்திலிருந்து வந்தவர்தான் 1980-இல் வென்ற ரீகன். பக்லி எழுதிய ஒரு கட்டுரையால் ரீகன் வந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெல்ச்சோடு சேர்ந்தே நின்றிருந்தால் சராசரி அமெரிக்கர் அவர்களை நம்பியிருக்க மாட்டார்.

பக்லியைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. 1957-இல் தென்மாநில வெள்ளையர்கள் கறுப்பர்களின் ஓட்டுரிமையைத் தடுப்பதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியவரும் அவரேதான். ஐசனோவர் விஷயத்தில் கோடு போட்டவர் இன விஷயத்தில் அன்று போடவில்லை. அந்தத் தலையங்கத்தின் கறை அவர்கள் மேல் இன்னும் இருக்கிறது. கோடு போடாமல் விட்டதற்கும் விலை உண்டு, அது தாமதமாகத்தான் தெரியும்.

சரி, இன்றைக்கு வருவோம். ஃபீனிக்ஸில் கடைசி நாளில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் பேசினார். யாரையும் விலக்கும் பட்டியலோடு நான் வரவில்லை, தூய்மைச் சோதனை வைத்து டிரம்ப் இந்தக் கூட்டணியைக் கட்டவில்லை என்றார். கைத்தட்டல் பலமாக இருந்தது. 2028-இல் டிரம்ப் நிற்க முடியாது, எரிக்கா ஏற்கனவே வான்ஸுக்கு ஆதரவு சொல்லிவிட்டார், ஒரு ஓட்டையும் இழக்க அவருக்கு மனமில்லை. கோல்ட்வாட்டரின் அதே கணக்குதான். ஆனால் வான்ஸின் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். அவரை இனம் சொல்லி இழிவுபடுத்தியவர்தான் ஃபுவென்டெஸ். தன் மனைவியைத் தாக்குபவர்களை வான்ஸ் பேட்டியில் கடுமையாகத் திட்டினார். அதே கடுமையை மேடையில் காட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அரங்கில் உட்கார்ந்து கேட்ட ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அது தேவைப்பட்டது.

அந்த வேலையைச் செய்தவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், சின்சினாட்டியில் பிறந்தவர், 2026 ஒஹாயோ ஆளுநர் தேர்தலில் நிற்பவர். அக்டோபரில் மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டர்னிங் பாயின்ட் கூட்டத்திலேயே அவருடைய இந்து நம்பிக்கையைக் குறித்து மாணவர்கள் கேட்டார்கள். மைக்கில் கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்: ஒஹாயோவுக்குப் பாதிரியாராக நான் நிற்கவில்லை, ஆளுநராக நிற்கிறேன் என்றார். டிசம்பரில் ஃபீனிக்ஸ் மேடையில், பல தலைமுறையாக இங்கே இருப்பவர் மற்றவரைவிட அதிக அமெரிக்கர் என்பது அமெரிக்கத்தன்மைக்கே எதிரானது என்றார். வெள்ளையர், கறுப்பர், யூதர், இந்தியர் என எந்த இனத்தின் மேலும் வெறுப்பை இயல்பாக்குபவர்களுக்கு இந்த இயக்கத்தில் இடமில்லை என்றும் சொன்னார். அவருடைய பொருளாதாரக் கருத்துகள் பலவற்றை நான் ஏற்க மாட்டேன். ஆனால் மைக்கில் எதையும் கேள் என்ற பொறுமையும் மேடைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற உறுதியும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

குடும்பம், சாமி, காசு என்றீர்கள். வரி எவ்வளவு, இஸ்ரேலுக்கு உதவி வேண்டுமா, ஹெச்-1பி விசாவைக் குறைக்கலாமா என்பதெல்லாம் இந்த மூன்றையும் நம்புகிறவர்கள் தங்களுக்குள் சண்டை போட வேண்டிய விஷயங்கள். விசா வேண்டாம் என்று கிர்க் சொன்னதுகூட அந்தக் கணக்கில்தான் வரும். எனக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் அது கொள்கை, வாதம் செய்து மாற்றலாம். ஃபுவென்டெஸ் சொல்வது வேறு. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள், எந்த நிறத்தில் இருக்கிறீர்கள் என்பதை வைத்து உங்களை வெளியே நிறுத்துவது அது. அவரையும் சேர்த்துக்கொண்ட ஒற்றுமையில் உங்கள் வீட்டுக்கு இடமில்லை.

உங்கள் மகன் விலக வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தப் பையன் விசாவைப் பற்றித்தான் பேசினான் என்றால் அவனோடு உட்கார்ந்து வாதம் செய்யட்டும். தான் இந்த நாட்டில் வளர்ந்தவன், இந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் சொல்லட்டும். ஆனால் ‘உன் ஆட்கள்’ என்ற பேச்சைச் சிரிப்பில் கரைய விட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் எழுந்து, இது நம் கிளையின் கருத்தா என்று தலைவரை எல்லோர் முன்னாலும் கேட்கட்டும். இல்லை என்று தெளிவாகச் சொன்னால் அங்கேயே இருக்கலாம், வேலை செய்யலாம். மழுப்பினால், அல்லது அந்தப் பையனையே அடுத்த மாதம் பேச அழைத்தால், அப்போது வெளியேறட்டும். ஏன் போகிறேன் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு அவசியம் எழுதுங்கள். முடிந்தால் அவனையே எழுதச் சொல்லுங்கள்.