கட்டடம் எழுவதற்கு முன்பே கலைஞரை அழையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பேட்டையில் நீச்சல் குளம், பூப்பந்துக் கூடம், நூலகம் ஆகியவை அடங்கிய சமூகப் பொழுதுபோக்கு நிலையம் ஒன்று வரவிருக்கிறது. கட்டட வரைபடங்கள் இன்னும் இறுதியாகவில்லை. அங்கு வைப்பதற்கு ஒரு கலைப்படைப்பைச் செய்விக்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்துள்ளது. திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன் போட்டி அறிவித்து, வரும் வடிவமைப்புகளைக் குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்புக்கு விட்டு, வென்றவரிடம் பணியை ஒப்படைக்கலாம் என்பது பெரும்பாலோரின் கருத்து. இது சரியான வழியா?
– ஈசூன் வாசகர்

பதில்: வாக்கெடுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது, "திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன்" என்ற தொடர்தான். வரைபடங்கள் இறுதியாகாத நிலையில் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பது எல்லாக் குழுக்களுக்கும் வாய்க்காத நல்வாய்ப்பு. அதை நழுவவிட்டால், தீயணைப்புக் கருவிக்கும் கழிவறை அறிவிப்புப் பலகைக்கும் இடையில் மிஞ்சிய சுவரில் எதையாவது மாட்டும் நிலைதான் வரும்.

2003ல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையங்கள் உருவாகிவந்த காலத்திலேயே கலைஞர்களைக் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து பணியாற்ற வைத்தது நிலப் போக்குவரத்து ஆணையம். லிட்டில் இந்தியா நிலையத்தில் எஸ். சந்திரசேகரனின் படைப்பு கோலத்தின் சாயலில் தரையிலும், இலை வடிவம் திரும்பத் திரும்ப வரும் உலோக வேலைப்பாட்டிலும் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். தரை போட்டு முடித்த பிறகு அவரை அழைத்திருந்தால் அந்தத் தரை அவருக்குக் கிடைத்திருக்காது. உங்கள் நிலையத்திலும் கருங்கல் சிற்பம் வைப்பதாக இருந்தால் அதன் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளர் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். விளக்கு வேண்டுமென்றால் மின்கம்பிக்குக் குழாய் பதிக்க வேண்டும். சுவரில் பீங்கான் ஓடு பதிக்கும் எண்ணமிருந்தால் அந்தச் சுவருக்குரிய பூச்சுச் செலவைக்கூட மிச்சப்படுத்தலாம்.

நீச்சல் குளத்துக்கு மேலே எதையாவது தொங்கவிடும் யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து பொறியாளரை அழையுங்கள். 1985ல் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் மேற்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தனர். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள், குளோரின் கலந்த காற்றில் வெளியே தெரியாமல் விரிசல் கண்டு அறுந்ததே காரணம். 'துருப்பிடிக்காதது' என்ற பெயரை நம்பிக் குளத்தின் மேல் சிற்பம் தொங்கவிடும் துணிவு எனக்கில்லை. திறந்தவெளிச் சிற்பத்திலோ வேறு தொல்லை இருக்கிறது. நம் ஊர் மழையில் நீர் தேங்கும் மடிப்போ குழியோ அதில் இருந்தால் அங்கே டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு குடியேறிவிடும். நீர் வடியும் வழியை மாதிரி வடிவத்திலேயே காட்டும்படி கலைஞரிடம் கேட்பதில் தவறில்லை.

இனி வாக்கெடுப்பு. குடியிருப்பாளர்களின் கருத்து வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. 1981ல் ஓர் அரசாங்க வளாகத்தின் முற்றத்தில் சிற்பி ரிச்சர்ட் செரா நிறுவிய, ஏறத்தாழ 36 மீட்டர் நீளமுள்ள வளைந்த எஃகுச் சுவர், அன்றாடம் அந்த முற்றத்தைக் கடந்து சென்ற ஊழியர்கள் பலரின் வெறுப்பைச் சம்பாதித்தது. பொது விசாரணை, நீதிமன்ற வழக்கு எல்லாம் நடந்து, 1989ல் அது அகற்றப்பட்டது. செராவுக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த முற்றத்தை யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு உரிய இடம் தொடக்கத்தில் தரப்படவில்லை.

ஆகவே மக்களை முதலில் அழையுங்கள். படத்தைத் தேர்ந்தெடுக்க அல்ல, பேச. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, காலையில் யார் வருகிறார்கள், பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள், முதியவர்கள் எங்கே உட்கார விரும்புகிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே கலைஞருக்கு நீங்கள் தரும் பணி விளக்கத்தின் உயிர். கடைசியில் நான்கு கணினிப் படங்களை ஒட்டி வாக்குக் கேட்டால், வண்ணம் பளிச்சென்று உள்ள படம்தான் வெல்லும். பத்தாண்டு வெயில் பட்ட பிறகு அது எப்படி இருக்கும் என்பதை வாக்குச்சீட்டு கேட்காது. தேர்வைச் சிறு குழுவிடம் விடுங்கள். அதில் கலைத்துறையினர், கட்டடக் கலைஞர், குடியிருப்பாளர்கள் ஆகியோருடன், நாளை அந்தப் படைப்பைத் துடைத்துப் பராமரிக்கப் போகிறவர்களின் பிரதிநிதி ஒருவரும் இருக்கட்டும். வழக்கமாக மறக்கப்படுபவர் இவர்தான்.

போட்டி பற்றியும் ஒரு சொல். பலரிடம் முழு வடிவமைப்பை இலவசமாக வாங்கி, ஒருவரைத் தவிர மற்றவர்களை வெறுங்கையோடு அனுப்புவது முறையன்று. முந்தைய படைப்புகளைப் பார்த்து மூவரைத் தேர்ந்து, மூவருக்கும் கட்டணம் கொடுத்து முன்மொழிவு கேளுங்கள். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நன்கொடையாளர் கிடைத்தால், தேசிய கலை மன்றம் 2014ல் தொடங்கிய பொதுக் கலை அறக்கட்டளையை அணுகுங்கள். தகுதிபெறும் நன்கொடைகளுக்கு 250 விழுக்காட்டு வரிக் கழிவு 2026 இறுதிவரை நடப்பில் உள்ளது. உங்கள் திட்டம் அதில் அடங்குமா என்பதை அவர்களே சொல்வார்கள்.

அனுமதிகளையும் தள்ளிப்போடாதீர்கள். 2024ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சிகரெட்டுடன் வரையப்பட்ட சம்சுய் பெண்ணின் (சீனாவிலிருந்து வந்த அக்காலக் கட்டுமானத் தொழிலாளியின்) சுவரோவியம் எழுப்பிய சர்ச்சை நினைவிருக்கும். அந்தப் படத்தை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவானாலும், முன் அனுமதியின்றி வரைந்ததற்காகக் கட்டட உரிமையாளர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

கேள்வி: நான் ஒரு சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் இருக்கிறேன். புதிய நிலையத்தின் சுவரோவியத்தில் நம் சமூகமும் இடம்பெற வேண்டும் என்று கேட்டோம். "சரி, ஒரு மயிலும் கோலமும் சேர்த்துவிடுகிறோம்" என்றார்கள். இதை ஏற்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: மயில்மீதும் கோலத்தின்மீதும் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் சுவரை நான்காகப் பங்குபோட்டு, ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அடையாளச் சின்னம் ஒட்டும் வழக்கம் எனக்குச் சலித்துவிட்டது. அப்படி வரைந்த சுவரை உட்லண்ட்ஸிலிருந்து பிடோக்கிற்கு மாற்றினாலும் யாருக்கும் வேறுபாடு தெரியாது.

சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குச் சென்று பாருங்கள். சேர்ன் லியன் ஷான் 2002ல் வடித்த செட்டியார் சிற்பத்தில் மயிலும் இல்லை, கோலமும் இல்லை. கடன் கொடுத்து வாங்கிய ஒரு தொழிலும், அது இன்றைய நிதித் துறையாக வளர்ந்த கதையும் இருக்கின்றன. வடித்தவர் தமிழர் அல்லர் என்பதையும் கவனியுங்கள். நம் கதையை நம்மவர்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதை துல்லியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே கரையில் சோங் ஃபா சியோங் 2000ல் செய்த, ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. எந்த இனத்துப் பிள்ளையும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தயங்குவதில்லை.

உட்லண்ட்ஸ் என்றால் உடனே நினைவுக்கு வருவது மலேசியாவுடன் இணைக்கும் கடற்பாலமும் அதைக் கடந்து அன்றாடம் வேலைக்கு வந்துபோகும் மக்களும். அந்தப் போக்குவரத்தில் தமிழ்க் குடும்பங்களின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் பேட்டையின் மூத்தவர்களிடம் அமர்ந்து பேசி, இத்தகைய நினைவுகளில் நாலைந்தைப் பதிவுசெய்து கலைஞரிடம் கொடுங்கள். அவற்றைப் படித்த பிறகும் அவர் மயில்தான் வரைவார் என்றால், அது நல்ல மயிலாகவே இருக்கும்.

பிள்ளைகள் தொடவும் ஏறவும் கூடிய படைப்பையும் யோசிக்கச் சொல்லுங்கள். தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கோர் இயன் கீ 1979ல் வடிவமைத்த டிராகன் விளையாட்டிடம், சிறுவர்கள் சறுக்கி விளையாடியதால்தான் ஊரின் அடையாளமானது. ஏறி விளையாடும் படைப்பு என்றால் விளையாட்டுச் சாதனங்களுக்கான பாதுகாப்புத் தரமும் பொருந்த வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நிலையத்தின் சுவரோவியத்துக்கு நாங்கள்தான் பணம் கொடுத்தோம். அதை டி-சட்டையில் அச்சிட்டு விற்கலாமா? பிற்காலத்தில் சுவரை இடிக்க நேர்ந்தால் கலைஞரைக் கேட்க வேண்டுமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், ஓவியம் உங்களுடையது, பதிப்புரிமை கலைஞருடையது. பொது இடத்தில் நிலையாக வைத்த சிற்பத்தைப் படமெடுப்பதற்குச் சட்டம் தரும் விலக்கு சுவரோவியத்துக்கு இல்லை. ஆகவே சட்டைக்கு முன் கலைஞரின் அனுமதியைப் பெறுங்கள். 2021ன் புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

இடிப்பதைப் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது. 1974ல் பிளாஸா சிங்கப்பூராவுக்காக இங் எங் டெங் செய்த இரு சிற்பங்கள் இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சிற்பத்துக்கு அப்படி இடம் மாறும் வழி உண்டு, சுவரோவியத்துக்கு இல்லை. சுவரை இடிக்கவோ மேற்பூச்சு அடிக்கவோ போவதாக ஆறு மாதம் முன்னதாகக் கலைஞருக்குத் தெரிவிப்பது, முழுமையாகப் படமெடுத்து ஆவணப்படுத்த அவருக்கு வாய்ப்பளிப்பது, அந்தச் செலவை யார் ஏற்பது ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். ஏற்கெனவே ஒப்பந்தம் முடிந்திருந்தால், இருதரப்பும் கையெழுத்திட்ட இணைப்புக் கடிதம் ஒன்று போதும்.