வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் கோடை விடுமுறையைச் சோர்ந்துபோகாமல் கடப்பது எப்படி? உதவக்கூடியவை என்னென்ன?

உங்கள் சோர்வு பாடம் நடத்தி வந்ததாக இருக்காது. லீவுக்கு வந்த சொந்தபந்தங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்ததாகத்தான் இருக்கும். நான் காரைக்குடிப் பக்கம். மே மாதம் பிறந்தால் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போனவர்கள் எல்லாம் பெரிய வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில், அம்மான் முறை உள்ள ஒருவர் என் மகளை வளவு (வீட்டின் உள்முற்றம்) நடுவில் நிறுத்தி, "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு ஆத்தா" என்றார். 96 வரை வந்தவள், சுற்றி நின்றவர்களைப் பார்த்து மிரண்டு நின்றுவிட்டாள். "புள்ளைய வீணாக்கிட்டியே, ஊர்ல பள்ளிக்கூடமா இல்லை?" என்று பந்தி முழுக்க அதே பேச்சு. எனக்கு நெஞ்சு எரிந்தது. மறுநாளே காலை முதல் மாலை வரை அவளை உட்காரவைத்துப் படிக்க வைப்பது என்று முடிவு கட்டிவிட்டேன்.

தடுத்தவர் என் மாமியார். "இந்த வெயில்ல புஸ்தகத்த மூடி வை. ரெண்டாங்கட்டு ரூமுக்குக் கல்லு பாக்கணும், அவளையும் ஆத்தங்குடிக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

ஆத்தங்குடி, வண்ணத் தரைக்கல் செய்யும் ஊர். அங்கே ஒரு பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் சிறு கரண்டியால் வண்ணச் சாந்தை ஊற்றினார் ஒரு பெரியவர். அச்சை அலுங்காமல் தூக்கியதும் பூ அப்படியே நின்றது. அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவினார். "எதுக்குத் தாத்தா காஞ்ச பொடி?" என்று கேட்டாள். "ஈரத்த இது உறிஞ்சிக்கும் ஆத்தா, இல்லாட்டி வர்ணம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும்." அதற்கு மேல் சாந்து பூசி, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு உலர்த்துகிறார்கள். கண்ணாடியை எடுத்தால் அந்த வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கிறது.

ரூம் 12 அடிக்கு 16 அடி. கல் 8 அங்குலம். எத்தனை கல்? பெரியவர் கொடுத்த சுண்ணக்கட்டியால் தரையிலேயே போட்டாள். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 24. "பதினெட்டு இருபது 360, பதினெட்டு நாலு 72, மொத்தம் 432." "உடையிறதுக்குக் கொஞ்சம் கூட வச்சுக்க" என்று அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டாள்.

வாய்ப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் மனப்பாடம் செய்யத்தான் வைக்கிறேன். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவும் வரவில்லை. என் நாத்தனாரே ஆசிரியைதான். ஆனால் கோடையில் வீட்டுப் படிப்பைப் பள்ளிக்கூடமாக மாற்ற முயலாதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு. மீதிக்கு ஊரும் பெரியவர்களும் இருக்கிறார்கள். கொட்டான் (பனை ஓலைக் கூடை) முடையத் தெரிந்த அப்பத்தா வீட்டில் இருந்தால் விடாதீர்கள். ஓலை ஒன்று விட்டு ஒன்று மேலேறி இறங்குவதில் எண் வரிசை அத்தனையும் வந்துவிடுகிறது.

ஊருணியையும் அளக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். போய்ப் பார்த்தால் நீர் வந்து சேரும் வரத்துக்கால் முழுக்க மண்ணும் கட்டடக் கழிவும், கரையில் கல்யாண எச்சில் இலை. மழைநீர் ஒரு சொட்டும் வீணாகாமல் சேர வேண்டும் என்று முன்னோர் வெட்டிய ஊருணி. லட்சம் லட்சமாகச் செலவழித்துக் கல்யாணம் செய்கிறவர்கள், அந்த இலையை அள்ள ஒரு ஆளை வைக்கக் கூடாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காசில்லாமல் கிடைப்பவற்றில் நான் நம்புவது இவை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப்பாகவே கிடைக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் உண்டு. குப்பைப் பொருளில் அறிவியல் பொம்மை செய்ய அரவிந்த் குப்தாவின் தளம். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். முடிந்தால் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். 2023இல் திறந்தது, கட்டடமே நம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் இருக்கிறது. பானை ஓட்டில் 'ஆதன்' என்று தமிழி என்னும் பழைய எழுத்தில் கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, என் மகள் உடைந்த பூந்தொட்டி ஓடுகளில் எல்லாம் தன் பெயரைக் கீறிவைத்தாள்.

'சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வாய்?' என்று கேட்பார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழ்வழியிலும் எழுதலாம். அதற்கு முன்னால் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நிகரான மூன்று நிலைகளும் அங்கே உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை வரும். இதை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாணத்தில் யாராவது பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்டால் நீங்கள் முன்னால் வந்து பதில் சொல்லுங்கள், பிள்ளை விளையாடப் போகட்டும்.